நாலாம் மாடிக்குக் குடி வந்தவ

அட அட அட! இழுக்காதம்மா, இழுக்காத! தரை போயிடும்! தூக்கு… தூக்க முடியலன்னா அப்பிடியே விடு. யாரு உன்னத் தனியா இதத் தூக்கச் சொன்னது? என்னது இது, ஓவனா? பெட்ஷீட்ல சுத்தி, கயித்தப் போட்டுக் கட்டி… கதவு ஓட்டையில பாத்துட்டு நான் பயந்தே போயிட்டேன். எவனையோ கொன்னு கொண்டாந்துட்டா போலன்னு. சரி, தள்ளு. இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன். அடியில ஒரு பழைய துணியப் போடு… ஆங். இப்ப இழு. பாத்தியா? வெண்ணெ மாதிரி போகுது. இது கூடத் தெரியாம குடி மாற வந்துட்ட.

லிஃப்ட்டா? லிஃப்ட்டப் பத்தி என்கிட்ட கேக்காத, எனக்கு ரத்தக் கொதிப்பு. கட்டடத்துக்குப் பேரு வெச்சான் பாரு, எஸ்பெரான்சான்னு! நம்பிக்கையாம் நம்பிக்க! லிஃப்ட்டயே நம்ப முடியல. போன மழையில கீழ தண்ணி பூந்துச்சு, அன்னைக்குப் படுத்ததுதான். ஓனரக் கேட்டா, "சாமான் வரணும், சாமான் வரணும்"ங்கறான். எங்கேர்ந்து வரணும், சொர்க்கத்துலேர்ந்தா?

படியில ஏறி வந்தியே, கடைசியா ஒரு அரைப்படி இருக்குமே, தடுக்குச்சா? எல்லாருக்கும் தடுக்கும். நம்ம ஊரு வழக்கப்படி ஒவ்வொரு படியா தங்கம், வெள்ளி, சாவு, தங்கம், வெள்ளி, சாவுன்னு எண்ணிக்கிட்டு வந்தா, நம்ம கட்டடத்துல கடைசிப் படி சாவுல போயி முடிஞ்சுது. குடி வந்தவங்க எல்லாம் சண்ட. ஓனரு என்ன பண்ணான், மேஸ்திரியக் கூப்புட்டு மேல ஒரு அரைப்படி கட்டிட்டான். தங்கத்துல முடிஞ்சிருச்சாம். இப்ப எல்லாரும் அந்தத் தங்கத்துல தடுக்கி விழுந்து பல்ல ஒடச்சுக்குறாங்க.

நான் யாருன்னு சொல்லவேயில்ல பாரு. எதுத்த வீடு. மெடிங். ரெமெடியோஸுன்னுதான் ஞானஸ்நானம் குடுத்தாங்க, ஆனா அப்பிடிக் கூப்புட்டா நான் திரும்ப மாட்டேன், ஏதோ ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்திருக்குன்னு நெனச்சுக்குவேன். மெடிங் அக்கான்னே கூப்புடு. உள்ள ஒரு மனுஷன் இருக்காரு, டொமெங், என் வீட்டுக்காரரு. கப்பல்ல மெஷின் ரூம்ல வேல பாத்தவரு, காது போயிடுச்சு. மக காதுக்கு மெஷின் வாங்கி அனுப்புனா. நான் வாயத் தொறந்தா போதும், அதக் கழட்டி சட்டப்பையில போட்டுக்குவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு செஞ்ச ஒரே புத்திசாலித்தனம் அதான்.

உன் பேரு?… ஜொனலின். அப்பா ஜானி, அம்மா லின்டா, சரியா? பாத்தியா! நம்ம ஊர்ல புள்ளைக்குப் பேரு வெக்கிறதும், ராத்திரி மிச்சம் பட்ட சோத்தையெல்லாம் சேத்து வறுக்குறதும் ஒண்ணுதான்.

சரி ஜொனலின், அரிசியும் உப்பும் உள்ள வெச்சியா? மொதல்ல அதானே வெக்கணும்? அடக் கடவுளே! ஓவன் வந்துருச்சு, அரிசி வரல! இந்தக் காலத்துப் பொண்ணுங்க… நில்லு, அசையாத… டொமெங்! அந்த… கேக்காது. நானே எடுத்தாறேன்.

இந்தா. அரிசி. உப்பு. அடுப்பு மேடையில வெய்யி. கொஞ்சமாத்தான் இருக்கு, எங்க வீட்லயும் மாசக் கடைசி. ஒண்ணும் நெனச்சுக்காத, இதெல்லாம் நான் நம்புறவ இல்ல. ஆனா நம்பாம விட்டு, ஏதாவது ஆச்சுன்னா என்னத்தான சொல்லுவீங்க?

இப்ப கேளு. நான் சொல்றத ஒருத்தி சொல்ல மாட்டா. குடி வந்தன்னைக்கு எல்லா மூட்டையையும் பிரிக்காத. பிரிச்சேன்னு வெய்யி, சாயங்காலம் படுக்க எடமிருக்காது, குளிக்க சோப்பு இருக்காது, எல்லாத்துக்கும் நடுவுல உக்காந்து அழுவ. மொதல்ல மெத்த, அப்பறம் சோப்பு, துண்டு, ஒரு பாத்திரம், ஒரு கரண்டி. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கெடக்கட்டும். நான் இங்க வந்து இத்தன வருஷம் ஆச்சு, ஒரு மூட்ட இன்னும் கட்டில் அடியில அப்பிடியே கெடக்கு. அதுல என்ன இருக்குன்னு டொமெங்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிம்மதியா இருக்கோம்.

குளியலறையில டிரம்மு இருக்கா? இருக்கு. காலையிலயே ரொப்பிடு. சாயங்காலமானா தண்ணி வராது, குழாய் இருமும். காசநோய்க்காரன் மாதிரி இருமும், சொட்டு வராது. அந்த ஜன்னலோரம் பிளக் பாயின்ட் இருக்கு பாரு, அதத் தொடாத, கடிக்கும். முன்னாடி இருந்தவ அதுல இஸ்திரிப் பெட்டியச் சொருகி, அன்னைக்கு அவ போட்ட சத்தத்துக்கு டொமெங்குக்கே காது கேட்டுது! ஓவன சமையக்கட்டு சுவத்துலதான் போடணும். அதுவும் மேல் வீட்டுக்காரன் பாட்டு மெஷின் போடாத நேரமாப் பாத்து. அவன் மைக்க எடுத்தான்னா லைட்டு மங்கும், மனசும் மங்கும். காதல் பாட்டு ஒண்ணு இருக்கு அவனுக்கு, தெனம் அதத்தான் பாடுவான். பொண்டாட்டி அத எத்தனவாட்டி கேட்டாளோ, போயிட்டா.

கூரையில அந்தக் கறை பாத்தியா? ஆட்டுக் குட்டி மாதிரி இருக்கே, அதான். போன வருஷம் முயலு மாதிரி இருந்துச்சு. வளருது. ஃபோன்ல ஒரு படம் எடுத்து ஓனருக்கு இன்னைக்கே அனுப்பிடு. நாளைக்கு அனுப்புனேன்னா, "நீ வந்தப்பறம்தான் ஒழுகுது"ம்பான். சுவத்துல இருக்குற ஆணி ஓட்ட, ஒடஞ்ச டைல்ஸு, எல்லாத்தையும் படம் புடி. கரப்பான்பூச்சியையும் புடி, அதுவும் அவன் சொத்துதான்.

கட்டில் எப்ப வருது? அளந்துட்டுதான வாங்குன? ஏன் கேக்குறேன்னா, மூணாம் மாடியில காலாங்னு ஒருத்தன், அப்ப புதுசாக் கல்யாணம் கட்டிக்கிட்டவன். பெரிய கட்டிலா வாங்கிட்டான், தேக்கு, தலமாட்டுல ரெண்டு அன்னம் செதுக்குனது. கட்டில அளந்தான், ரூம அளந்தான், வாசல அளக்கல. படியில திரும்ப மாட்டேங்குது. என்ன பண்ணான், வெளிப்பக்கமாக் கயிறு கட்டி ஜன்னல் வழியாத் தூக்குறேன்னு ஆரம்பிச்சான். நான் சொன்னேன், "டேய், ஜன்னலயாவது அளடா"ன்னு. யாரு கேக்குறா? கட்டில் பாதி வழியில தொங்குது, ஜன்னல் பத்தல, மழ புடிச்சுக்கிச்சு, தூக்குன ஆளுங்க கயித்த கிரில்லுல கட்டிட்டுச் சாப்புடப் போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான். விடிய விடிய அந்தரத்துல ஆடுது. புதுப் பொண்ணு கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "என் மொதலிரவு போகுது, என் மொதலிரவு போகுது"ன்னு அழுவுறா. தெருவே சிரிக்குது. கடைசியில கட்டில அறுத்துதான் உள்ள கொண்டு போனாங்க. ரெண்டு சின்னக் கட்டிலாப் போச்சு. ஒத்த அன்னம் இங்க, ஒத்த அன்னம் அங்க. ஆனாலும் மூணு புள்ள பொறந்துருச்சு, அது வேற கத.

சிரிக்க மாட்டேங்கறியே. இந்தக் கதைக்கு பிஷப்பே சிரிச்சிருக்காரு.

ஆமா… உன் பொட்டியெல்லாம் எங்க? கீழ இருக்கா?… இவ்வளவுதானா? இந்தக் கறுப்புப் பைங்க மட்டுமா? குப்ப போடுற பையாச்சே இது. துணியெல்லாம் ஹேங்கரோடயே திணிச்சிருக்க… இது என்ன, ஈரமா இருக்கு? கொடியில கெடந்ததா? காயாத துணியப் போயி மூட்ட கட்டுவாங்களா? நாத்தம் புடிச்சுக்கும், குடு, என் பால்கனியில போட்டு…

ஃபோன் அடிக்குது பாரு.

எடுக்கலயா?

திரும்ப அடிக்குது. கவுத்து வெச்சிருக்க. அடுப்பு மேடையே அதிருது, நீ அதுக்கு மேல அதிருற.

கைய நீட்டு. அந்தக் கை இல்ல, இன்னொரு கை. நீட்டும்மா, நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்.

ம்.

ஓவன் சூடு பட்டுதா? ஓவன் சூடு அஞ்சு வெரலாவா படும்?

சரி. நான் ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னு சொல்லிட்டேன், ஆனா கேக்காம இருந்தா எனக்கு வயிறு ஊதிக்கும். பேரு மட்டும் சொல்லு… ஆர்னெல். ஆர்னெல்னு பேரு வெச்ச எவனும் உருப்பட்டதில்ல. என் கூடப் பொறந்தவன் பேரும் அதான், அதனால தெரிஞ்சுதான் பேசுறேன்.

உக்காரு. மெத்த மேலயே உக்காரு. இப்ப நான் சொல்றது வேற. இதக் கவனமாக் கேளு, அந்த டிரம்மையும் கரப்பானையும் விடு.

பூட்ட இன்னைக்கே மாத்தணும். ஓனரு குடுத்த சாவி ஊரு பூரா இருக்கும், முன்னாடி இருந்தவ, அவ அக்கா, மீன் குடுக்குறவ எல்லாருகிட்டயும் இருக்கும். மார்க்கெட் முக்குல பூட்டுக்காரன் இருக்கான், நான் கூப்புட்டா சோத்த விட்டுட்டு வருவான், வரலன்னா நான் திரும்பத் திரும்பக் கூப்புடுவேன்னு தெரியும் அவனுக்கு. உள் பக்கம் ஒரு சங்கிலி. கீழ தபால் பொட்டியில உன் பேரு எழுதாத. ஃபேஸ்புக்குல "புது வீடு, புது வாழ்க்க"ன்னு ஜன்னல்ல நின்னு படம் போட்டுத் தொலைக்காத. எதுத்தாப்புல கோழிக் கடை போர்டு அம்மாம் பெருசாத் தெரியுது, ஒரு படம் போதும், நேரா வந்து எறங்கிடுவான். தெருமுனையில பரங்கே ஆபீஸ் இருக்கு, நம்ம பேட்டைப் பஞ்சாயத்தெல்லாம் நடக்குற எடம், அங்க பொம்பளைங்களுக்குன்னே தனியா ஒரு மேச. அந்தக் கை நீலம் மாறுறதுக்குள்ள போயிக் காட்டணும். நான் கூட வர்றேன். நீ வாயே தொறக்க வேணாம், என் வாய் எதுக்கு இருக்கு?

இந்த வீடு இங்க இருக்குன்னு யாரு யாருக்குத் தெரியும்? வேன்காரனுக்கு. அப்பறம்?… தம்பிக்குச் சொன்னியா. தம்பி நல்லவனா? நல்லவன்தான். நல்லவன் வாயில ரகசியம் நிக்குமா?… ஏன் மொகம் இப்பிடிப் போகுது? அவனும் ஆர்னெலும் ஒரே எடத்துல வேல பாக்குறாங்களா? ஐயோ சாமி!

இரு, என் ஃபோன் அடிக்குது. ருஃபோ. கீழ கேட்டுல இருக்கானே, காவக்காரன். காவல் காக்குறேன்னு கோழிய வேடிக்க பாத்துட்டு நிப்பான். ஹலோ! என்னடா… யாரு?… யாரக் கேட்டான்?… நீ என்ன சொன்ன?… நாலாவது மாடின்னு சொல்லிட்டியா?! உன்ன அங்க ஒக்கார வெச்சதுக்கு ஒரு நாய ஒக்கார வெச்சிருக்கலாம்டா, அது கொலச்சிருக்கும்! ஓடு. பரங்கே ஆபீஸ்ல ரோந்துக்கு நிக்கிற ஆளுங்கள அழைச்சிட்டு வா. நடக்காத, ஓடு!

ஜொனலின். என்னப் பாரு. லிஃப்ட் இல்ல, அவன் ஏறித்தான் வரணும். நான் வெளிய போறேன், நீ உள்ள தாழ்ப்பாளப் போட்டுட்டு அந்த ஓவன இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடு. துணி அடியிலதான் இருக்கு, இழுத்தா வரும். ஃபோன ஆஃப் பண்ணு, வெளியில கேக்கக் கூடாது. நான் என் பேரச் சொல்லித் தட்டுற வரைக்கும் தொறக்காத. நான் என்ன பொய் சொன்னாலும் உள்ளேர்ந்து குரல் குடுக்காத. போடு தாழ்ப்பாள.

வாப்பா வா! மெல்ல, மெல்ல, கடைசிப் படி தடுக்கும்! எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன்! நீதான லிஃப்ட் சரி பண்ற ஆளு? இல்லியா? பின்ன கையில சாமான் எதுவும் இல்லாம எதுக்கு நாலு மாடி ஏறி வந்த? வேர்த்துக் கொட்டுது பாரு. வயசுப் புள்ளைக்கு இப்பிடி மூச்சு வாங்கக் கூடாது தம்பி, நெஞ்சுக்கு டாக்டரப் பாரு. என் மச்சினன் இப்பிடித்தான் மூணு மாடி ஏறுனான், நாலாவதுக்கு நேரா மேலயே போயிட்டான்.

யாரு? ஜொனலினா? அப்பிடி யாரும் இல்லியே. ஜோசலின் இருந்தா, ரெண்டாம் மாடியில, கருவாட்டு வியாபாரம். அவளும் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. ருஃபோவா? அவன் சொல்றதக் கேட்டா வந்த? அவன் கோழிக்கும் வான்கோழிக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

இந்த வீடா? இது எங்க வீட்டுச் சாமான் போடுற எடம். உள்ள ஒண்ணும் இல்ல, எலிதான். சத்தமா? எலிதான் தம்பி, சொன்னேனே. இங்க எலியெல்லாம் சாமான நகத்தும்.

செருப்பா? எந்தச் செருப்பு? ஓ, அதுவா, அது என் செருப்பு. ஏன், நான் பூப்போட்ட செருப்பு போடக் கூடாதா? இந்தா, போட்டுக் காட்டவா? இரு… இரு… பாத்தியா, வெரலு போயிடுச்சு. குதிகால்தான் வெளிய நிக்குது. யூரிக் ஆசிட், வீங்கிப் போயிக் கெடக்கு. டாக்டர் பருப்பத் தொடாதங்கறாரு, பன்னிக் கறியத் தொடாதங்கறாரு, நண்டத் தொடாதங்கறாரு. மனுஷி எதத்தான் தொடுறது? வீட்டுக்காரரத் தொடலாம்னா அவரு தூங்குறாரு. நீ என்ன சாப்புடுற தம்பி? கல்லீரல் கெட்டுப்போன மாதிரி கண்ணு மஞ்சளா இருக்கே. குடியா? காலையிலயேவா?

ஒதுங்கணுமா? ஏன் ஒதுங்கணும்? நான் நிக்கிறது என் வராந்தா.

கதவத் தட்டாத.

கதவத் தட்டாதன்னு சொன்னேன்.

கைய எடு, தம்பி. என் தோள் மேலேர்ந்து கைய எடு. இந்தக் கை வெரலு எனக்குத் தெரியும். எங்க பாத்தேன்னு இப்ப சொல்லல. எடு.

ஏய்! டொமெங்! டொமெங்! தூங்குனது போதும், எந்திரிச்சு வா! மேல் வீடு! பாட்ட நிறுத்திட்டு எறங்கி வாப்பா, இங்க ஒருத்தன் ஓசியில பாடுறான்! காலாங்! புள்ளைங்கள உள்ள விட்டுட்டு நீ மட்டும் வா! அம்மா, கீழ் வீட்டு டெய்லரம்மா, கத்திரிய எடுத்துக்கிட்டே வாங்க! எல்லாரும் வாங்க! இவரு பேரு ஆர்னெல்! நல்லாப் பாத்துக்குங்க! மொகத்தப் பாத்துக்குங்க! இவரு யாரத் தேடி வந்தாருன்னு அவரையே கேளுங்க, எதுக்குத் தேடி வந்தாருன்னும் கேளுங்க! சொல்லு தம்பி, சத்தமாச் சொல்லு, எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது!

உன் பேரு எனக்கு எப்பிடித் தெரியுமா? தெரியும். இப்ப எல்லாருக்கும் தெரியும். டொமெங், நீ மொதல்ல கால்சட்டையப் போட்டுட்டு வா! சரி, பரவாயில்ல, அப்பிடியே நில்லு, அந்தச் சுத்தியல மட்டும் கீழ எறக்கு.

என்னது, நான் பைத்தியமா? ஆமா. நீ இன்னும் என் பேச்சுல பாதி கேக்கல. உக்காரு, எனக்கு வேற வேல இல்ல. ரோந்து ஆளுங்க வர்ற வரைக்கும் நான் பேசுவேன், அவங்க வந்தப்பறம் அவங்ககிட்டயும் பேசுவேன், நாளைக்கு உன் வேல எடத்துக்கு வந்து உன் மொதலாளிகிட்டயும் பேசுவேன். மூச்சு விடாமப் பேசுவேன். எனக்குத் தூக்கமே வராது, தெரியுமா? இந்த ஊரு பூரா எனக்குச் சொந்தக்காரங்க, எல்லாருக்கும் வாய் இருக்கு… எங்க போற? நில்லு தம்பி! இன்னும் என் பித்தப்பை ஆபரேஷன் கதையே சொல்லல! தம்பி!

எறங்கிட்டான். கீழ சத்தம் கேக்குது, ருஃபோ குரலு. ரோந்து ஆளுங்க வந்துட்டாங்க போல. காலாங், நீ எறங்கிப் போயிப் பாரு, அவன் பேர அவங்ககிட்ட சொல்லு, வண்டியில வந்திருந்தான்னா நம்பரையும் குறிச்சுக் குடு. நாங்க பின்னாடியே வர்றோம்னு சொல்லு. டெய்லரம்மா, நீங்க இங்கயே வாசல்ல உக்காருங்க. டொமெங், கால்சட்ட!

ஜொனலின், தொற. நான்தான், மெடிங். போயிட்டான்மா. மெய்யாவே போயிட்டான். ஓவனத் தள்ளு… மெல்ல, தரை…

தள்ளுனா தள்ளு, தரை கெடக்கு.

அழுவாத. சரி, அழு. நான் கொஞ்சம் இங்க உக்காந்துக்குறேன். உன் செருப்பு வேற இன்னும் வெரல்லயே மாட்டிக்கிட்டு இருக்கு, அப்பறமாக் கழட்டுறேன். தண்ணி இருக்கா? அந்த ஒத்த டம்ளருலயே குடு… அவன் கைய வெச்சப்ப, நான் நெனச்சேன்… நான் என்ன நெனச்சேன்னா…

வரல.

பேச்சு வரலம்மா. எனக்கு! டொமெங்குக்குச் சொல்லாத, ஊரையே கூட்டி விருந்து வெச்சுடுவாரு.

நீ பேசு. என்ன வேணா பேசு. பரங்கே ஆபீஸ்ல போயிச் சொல்லப் போறத இங்க ஒருவாட்டி சொல்லிப் பாரு, எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பி. நான் கேக்குறேன், குறுக்க பேச மாட்டேன்.

சீக்கிரம் ஆரம்பிச்சுடு. ரொம்ப நேரம் தாங்காது.